பர்மியக் கோயிலை ஏன் எடுத்தீர்கள்? சங்கத்துச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணனுக்கும் செயலாளர் அக்காவுக்கும் பொருளாளர் அண்ணனுக்கும் செயற்குழுவில் இருக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

சங்கத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும், பினாங்கு ஜார்ஜ்டவுனில் பாதிப் பேருக்கும் தெரியும், அது போதும். 22 வருஷமாகச் சந்தா கட்டிக்கொண்டு, கூட்டம் என்றால் தேநீர் ஊற்றிக் கொடுப்பதோடு சரி என்று இருந்தவள் இப்போது ஏன் ஊரறிய மடல் எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். கூட்டத்திலேயே பேசத்தான் பார்த்தேன். ‘நேரமாகிவிட்டதும்மா, அடுத்த அம்சத்துக்குப் போவோம்’ என்றீர்கள். அடுத்த அம்சம் என்னவென்று பார்த்தால், பிள்ளைகளின் டி-சட்டை மஞ்சளா நீலமா என்பது. அதற்கு இருபது நிமிஷம் பேசினோம்.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளி விடுமுறையில் ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேரை பஸ்ஸில் ஏற்றி, ஊரில் உள்ள சமயங்களை நேரில் காட்டுவது என்று முடிவெடுத்தீர்கள். நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். முதல் பட்டியலில் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் இருந்தது, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருந்தது, செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இருந்தது, சீக்கியர்களின் குருத்துவாரா இருந்தது, கடைசியாக பூலாவ் தீக்குஸ் பக்கம் லோரோங் பர்மாவில் எதிரெதிரே இருக்கும் பௌத்தக் கோயில்களான பர்மியக் கோயிலும் சயாமியக் கோயிலும் இருந்தன. இரண்டாம் பட்டியலில் அந்தக் கடைசி இரண்டையும் காணோம். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக ‘கெர்னி டிரைவ், ஐஸ் கச்சாங்’ என்று, கடற்கரைச் சாலையில் ஐஸ் இனிப்பு தின்பதைப் போட்டிருக்கிறது.

காரணம் கேட்டேன். பொருளாளர் அண்ணன் சொன்னது: “கடவுளே இல்லை என்கிறவர்கள்மா. கடவுள் இல்லாதது எப்படி சமயமாகும்? அது ஒரு தத்துவம்.” அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்த நம் பகுத்தறிவுத் தோழர், அண்ணனோடு 15 வருஷமாக எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாதவர், அன்றைக்குத் தலையாட்டினார்! “சரியாகச் சொன்னீர்கள். புத்தர் பகுத்தறிவாளர். அவரைக் கொண்டுபோய் மதங்களோடு வரிசையில் நிறுத்தாதீர்கள்” என்றார். ஒருவர் பௌத்தத்துக்கு அந்தத் தகுதி இல்லை என்று தள்ளினார், இன்னொருவர் அந்தத் தகுதிக்கெல்லாம் மேலே என்று தூக்கி வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து பஸ்ஸை மட்டும் ஒரே பக்கம் திருப்பிவிட்டீர்கள்.

நான் பௌத்தர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறவள், வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறவள். ஆனால் எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன்.

நான் வேலை செய்வது ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில். நாள் முழுக்கப் பாரம் நிரப்புவதுதான் என் பிழைப்பு. பெயர், அடையாளக் கார்டு எண், முகவரி, அப்புறம் ‘அகாமா’. அந்த மலாய்ச் சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அது நம் ஆகமம்தான். சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்குப் போய், சமயம் என்ற பொருளில் நிலைத்துவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், புத்தர் பேச்சுகளின் பழைய தொகுப்புகளுக்கும் ஆகமம் என்றுதான் பெயர். பாலியில் நிகாயம் என்பார்கள், சீன மொழியில் இருக்கும் நான்கு தொகுப்புகளுக்கு ஆகமம் என்ற பெயரே ஒலி மாறி வழங்குகிறது. ஆக, அந்தக் கட்டத்தின் தலைப்பே அவர்களுடைய நூலின் பெயர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மலேசியாவில் 18.7 விழுக்காட்டினர் பௌத்தர் என்று பதிவாகியிருக்கிறார்கள். இந்துக்கள் 6.1 விழுக்காடு. நம்மைப்போல மூன்று மடங்கு பேர் இருக்கிற ஒரு சமயத்தை, சமயமே இல்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வடைக்கும் தேநீருக்கும் நடுவில் முடிவு செய்துவிட்டோம்.

சரி, எண்ணிக்கையை விடுங்கள். கூட்டம் அதிகம் என்பதற்காக ஒன்று சமயமாகிவிடாது. பொருளாளர் அண்ணனின் கேள்வி நியாயமான கேள்விதான்: கடவுள் இல்லாமல் சமயம் உண்டா?

அண்ணே, நீங்கள் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவர். நமது ஆசாரியர்கள் சமயங்களை எப்படிப் பிரித்தார்கள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். அகச்சமயம், அகப்புறம், புறம், எல்லாவற்றுக்கும் வெளியே புறப்புறச் சமயம். அந்தப் புறப்புறத்தில் யார் யாரை வைத்தார்கள்? உலகாயதர், சமணர், அப்புறம் பௌத்தரில் நான்கு பிரிவினர். சிவஞான சித்தியார் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் அந்த நான்கு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவர்கள் கட்சியை அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து, பிறகு மறுக்கிறார். சித்தாந்திகளுக்கு பௌத்தம் பிடிக்கவில்லை, வெட்டிப் பேசினார்கள், ஆனால் ‘நீ சமயமே இல்லை, நகரு’ என்று ஒருநாளும் சொல்லவில்லை. திட்டுவதற்காகவாவது சமயம் என்று ஒப்புக்கொண்டார்கள். உலகாயதனுக்கே அந்த மரியாதை கிடைத்தது, கடவுளும் இல்லை மறுபிறப்பும் இல்லை என்று சாதித்தவனுக்கு!

இன்னும் பின்னால் போனால் மணிமேகலை. அதில் 27 ஆம் காதைக்குப் பெயரே சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை. வஞ்சி மாநகரில் அந்தப் பெண் ஒவ்வொரு சமயவாதியாகத் தேடிப்போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். சைவவாதி இருக்கிறார், வைணவவாதி இருக்கிறார், கூடவே ஆசீவகனும் நிகண்டவாதியும் சாங்கியனும் இருக்கிறார்கள், கடைசியில் பூதங்களின் சேர்க்கைக்கு மேல் எதுவும் இல்லை என்கிற பூதவாதியும் வருகிறான். எல்லாரும் ஒரே வரிசைதான். கதவடியில் யாரும் நின்றுகொண்டு ‘உனக்குக் கடவுள் உண்டா, இல்லையா’ என்று சீட்டுக் கேட்கவில்லை. தமிழில் சமயம் என்ற சொல் அவ்வளவு அகலமாகத்தான் இருந்தது. உலகம் எதனால் ஆனது, வினை என்றால் என்ன, துன்பத்திலிருந்து எப்படி வெளியே வருவது, இதற்கெல்லாம் ஒரு பதில் சொல்லி அந்தப் பதிலை வாழ்ந்து காட்டினால் அது சமயம். ‘ரிலிஜன்’ என்று ஒரு சொல் கப்பலில் வந்து இறங்கி, அதை நாம் சமயம் என்றும் மதம் என்றும் பெயர்த்துக்கொண்ட பிறகுதான், ஒரு கடவுள், ஒரு நூல், வாரத்தில் ஒரு நாள் என்று அளவெடுத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஒட்டிக்கொண்டது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நம் மாரியம்மனே பாதி தேறமாட்டாள், அது வேறு கதை.

பௌத்தத்தில் தேவர்களே இல்லை என்பதும் சரியில்லை அண்ணே. இந்திரன் வருகிறான், பிரம்மா வருகிறார். ஞானம் பெற்றபின் பேசாமல் இருந்துவிடலாம் என்று புத்தர் நினைக்க, பிரம்மாவே இறங்கிவந்து ‘உலகத்துக்குச் சொல்லுங்கள்’ என்று கேட்டுக்கொண்டதாகப் பாலி நூல்கள் சொல்கின்றன. அவர்கள் மறுப்பது படைத்தவன் என்ற ஒருவனை. அதற்கும் ஒரு குறும்பான கதை வைத்திருக்கிறார்கள்: காலியான பிரம்ம உலகத்தில் முதலில் வந்து பிறந்த ஒருவர், தனிமை தாங்காமல் துணைக்கு ஆள் வந்தால் தேவலையே என்று ஏங்குகிறார், அந்த நேரம் பார்த்து அவரவர் வினைப்படி மற்றவர்களும் வந்து பிறக்க, ‘ஆகா, நான்தான் இவர்களைப் படைத்தேன்’ என்று எண்ணிக்கொள்கிறார். வந்தவர்களும் நம்பிவிடுகிறார்கள். கோபப்படாதீர்கள். 63 நாயன்மாரில் ஒருவரான சாக்கியர் பௌத்த வேடத்தைக் கலைக்காமலே லிங்கத்தின் மேல் கல் எறிந்து முத்தி பெற்றவர். நம் ஆட்கள் இதையெல்லாம் தாங்குவார்கள்.

இப்போது தோழருக்கு.

தோழரே, உங்கள் கட்சி அண்ணனுடையதைவிடக் கவர்ச்சியானது, அதனால் கொஞ்சம் ஆபத்தானதும்கூட. காலாமர் என்ற குலத்தாருக்குப் புத்தர் சொன்னதைத்தான் நீங்கள் எப்போதும் எடுத்துக் காட்டுவீர்கள்: பரம்பரையாக வந்தது என்பதற்காக ஏற்காதே, நூலில் இருக்கிறது என்பதற்காக ஏற்காதே, இவர் நம் குரு என்பதற்காகவும் ஏற்காதே. அருமையான பேச்சுதான். அதே சூத்திரம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். காலாமர்கள் புத்தரையும் தம்மத்தையும் பிக்கு சங்கத்தையும் சரணடைகிறார்கள். கேள்வி கேட்டவர்கள்தான் சரணமும் போனார்கள். அம்புபட்டவன் கதையும் அப்படித்தான். நஞ்சு தோய்ந்த அம்பு உடம்பில் இருக்கும்போது எய்தவன் என்ன குலம், வில் என்ன மரம் என்று கேட்டுக்கொண்டிருந்தால் செத்துப்போவாய் என்று மாலுங்கியபுத்தர் என்ற சீடருக்குச் சொன்னவர், உலகம் நித்தியமா அநித்தியமா என்ற கேள்வியை ஒதுக்கி வைத்தார், உண்மை. ஆனால் வினையையும் மறுபிறப்பையும் அவர் ஒதுக்கவில்லை. நமக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு, இதுதான் புத்தகம் என்று சொல்வது உங்கள் இயக்கத்துக்கு அழகில்லை.

அம்பேத்கரைச் சொல்வீர்கள். புத்தரும் அவர் தம்மமும் நூலில் அவர் மதம் வேறு, தம்மம் வேறு என்று பிரித்தது எனக்கும் தெரியும். மதம் தனி மனிதருடையது, தம்மம் சமூகத்துக்குரியது என்றார். அதை எழுதியவர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் என்ன செய்தார்? வீட்டில் உட்கார்ந்து ‘இன்று முதல் ஒரு தத்துவத்தை ஏற்கிறேன்’ என்று டைரியில் எழுதிக்கொள்ளவில்லை. பர்மாவில் பிறந்த வயதான பிக்கு சந்திரமணியின் முன்னால் நின்று மூன்று சரணமும் ஐந்து சீலமும் வாங்கினார். பிறகு தன்னோடு வந்திருந்த லட்சக்கணக்கான மக்களுக்கு 22 உறுதிமொழிகளைச் சொல்லிக் கொடுத்தார். பிறந்த மதத்தை விட்டு வெளியே வருகிறவனுக்கு, போய் நிற்க ஓர் இடம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் அயோத்திதாசப் பண்டிதரும் அப்படித்தான். 1898 இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போய் பௌத்தம் தழுவிவிட்டு வந்து, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கட்டினார். அவருக்கு பௌத்தம் என்பது தமிழர் இழந்துபோன வீடு. வீட்டுக்குக் கூரை வேண்டும், அடுப்பு வேண்டும், திருவிழா வேண்டும். வெறும் வரைபடத்தில் குடியிருக்க முடியாது.

இனி என் சொந்தக் கணக்கு.

என் சித்தப்பா கப்பல்துறையில் வேலை செய்தவர். நாற்பது வயதுக்கு மேல், யாரோ கொடுத்த ஒரு சின்னப் புத்தகத்தைப் படித்துவிட்டு பௌத்தரானார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கம்பார் சாலையில் இருக்கும் மகிந்தாராம கோயிலுக்குப் போவார். 1918 இல் தொடங்கிய சிங்களக் கோயில் அது. அங்கே தமிழ் முகம் அதிகம் கிடையாது. ‘சிங்களவன் கோயிலுக்கா போகிறாய்’ என்று எங்கள் வீட்டில் எத்தனையோ சண்டை. அவர் சிரித்துக்கொண்டே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு புதன்கிழமை இறந்தார். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். பிரேத வண்டிக்காரர் வந்து வாசலில் நின்றுகொண்டு, “அக்கா, வண்டியில ஓம் போடவா, சிலுவை போடவா, சக்கரமா?” என்று கேட்டார். அவருக்கு அது வேலை, தப்பில்லை. நான் வாயைத் திறப்பதற்குள், உதவிக்கு வந்திருந்த ஒருவர் (யார் என்று எழுதமாட்டேன், இதைப் படித்தால் அவருக்கே தெரியும்) “பௌத்தம்தான் மதமே இல்லையே, ஓம் போட்டுவிடப்பா” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அன்பாகக்கூட. இருபத்தைந்து வருஷம் ஒரு மனிதர் எழுந்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, போய் மண்டியிட்டு வந்ததை ஒரே வாக்கியத்தில் துடைத்துவிட்டார்.

அங்கேதான் எனக்கு இந்த ‘மதம் இல்லை, தத்துவம்’ என்ற பேச்சு என்ன செய்யும் என்று விளங்கியது. கேட்பதற்குப் பாராட்டுபோல இருக்கும். நடைமுறைக்கு வரும்போது, உன் சாவுக்கு உன் முறை கிடையாது, எங்கள் முறையில் எடுத்துவிடுகிறோம் என்று ஆகிவிடும். அலுவலகத்தில் பத்திரங்களோடு புழங்குகிறவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 11 ஆம் பிரிவில் மூன்றாம் உட்பிரிவு, ஒவ்வொரு சமயக் குழுவுக்கும் தன் சமய விவகாரங்களைத் தானே நிர்வகிக்கவும், அறநிலையங்கள் நடத்தவும், சொத்து வாங்கி வைத்துக்கொள்ளவும் உரிமை தருகிறது. அங்கே சமயக் குழு என்றுதான் எழுதியிருக்கிறது. தத்துவத்துக்கு 11(3) கிடையாது. தத்துவத்துக்கு விசாக தினத்தில் விடுமுறை கிடையாது, சுடலையில் முறை கிடையாது.

அன்றைக்கு நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். சக்கரம் போட்டார்கள். மகிந்தாராமாவிலிருந்து இரண்டு பிக்குகள் வந்தார்கள், ஒருவர் ரொம்ப வயதானவர், மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது. வெள்ளைத் துணி ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தோம். “அனிச்சா வத சங்காரா” என்று தொடங்கினார்கள், சேர்ந்து உண்டானவை எல்லாம் நிலையாதவை என்று அர்த்தம். அப்புறம் பெரியவர் என் தம்பியையும் என்னையும் பாயில் உட்காரவைத்து, ஒரு கூஜாவில் தண்ணீர் கொடுத்து, கீழே ஒரு தட்டில் கிண்ணம் வைத்து, ஓதும்போது மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள், நிறைந்தாலும் நிறுத்தாதீர்கள் என்று மலாயில் சொன்னார். வீட்டில் இருந்த ஆக நல்ல கிண்ணம் சித்தியின் நீலப்பூப் போட்ட சோஜி கிண்ணம்தான். அதில் ஊற்றினோம். கிண்ணம் நிறைந்தது, விளிம்பில் கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டு நின்றது, பிறகு வழிந்து தட்டுக்குப் போனது. தம்பியின் கை ஆடிக்கொண்டே இருந்தது, நான் பிடித்துக்கொண்டேன். பெருகிவரும் ஆறுகள் கடலை நிறைப்பதுபோல இங்கே கொடுப்பது போனவர்களைச் சேரட்டும் என்பதுதான் அந்தப் பாலிப் பாட்டின் பொருள் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோமே, அதேதான். தோழரே, எந்தத் தத்துவம் செத்தவருக்குத் தண்ணீர் ஊற்றும்?

அவர்கள் முடித்த பிறகு அத்தை சிவபுராணம் பாடவேண்டும் என்று அழுதார். பாடினார். பெரிய பிக்கு எழுந்து போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

வெளிநாட்டுச் சட்டக்காரர்களும் இந்தக் கேள்வியில் தடுக்கி விழுந்து எழுந்தவர்கள்தான். 1961 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. டொர்காசோ என்பவர் நோட்டரி வேலைக்கு நியமிக்கப்பட்டார், கடவுள் உண்டு என்று உறுதிமொழி கொடுத்தால்தான் வேலை என்றது மேரிலாந்து மாநிலம், அவர் மறுத்தார், ஜெயித்தார். அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில், கடவுள் நம்பிக்கையைப் போதிக்காத சமயங்கள் என்று வரிசை போட்டிருக்கிறார்கள், பௌத்தம் அதில் முதலில் நிற்கிறது. இங்கிலாந்தில் 1970 இல் நீதிபதி டென்னிங் பிரபு வழிபாட்டிடம் என்றால் கடவுளைப் பணியும் இடம் என்று வரையறை சொல்லிவிட்டு, பௌத்தக் கோயில் அதற்கு விதிவிலக்கு என்று உடனே சேர்த்துக்கொண்டார். வரையறையை எழுதி மை காய்வதற்குள் விதிவிலக்கு! 2006 இல் அவர்கள் அறநிலையச் சட்டத்திலேயே கடவுள் நம்பிக்கை இல்லாத சமயமும் சமயம்தான் என்று எழுதிவைத்துவிட்டார்கள். நோட்டரி வழக்கு என்பதால் என் மேசையில் அதற்குத் தனி மரியாதை உண்டு.

பக்கத்து இந்தோனேசியாவில் நடந்தது இன்னும் கஷ்டமானது. அங்கே அரசுக் கொள்கையின் முதல் வரியே ஏக இறைவன். 1965 க்குப் பிறகு, கடவுள் இல்லாதவன் என்றால் கம்யூனிஸ்டு என்று உயிருக்கே ஆபத்தான காலம். அப்போது பிக்கு ஆஷின் ஜினரக்கித பழைய ஜாவா நூலிலிருந்து ‘சங் ஹியாங் ஆதி புத்தர்’ என்ற பெயரை எடுத்து, இதுதான் எங்கள் இறைவன் என்று காட்டினார். பாலி நூல்களைப் பின்பற்றும் தேரவாத பௌத்தர் சிலருக்கு அது பிடிக்கவே இல்லை. கட்டத்துக்குள் அடங்குவதற்காக ஒரு சமயம் தன்னையே மடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கே நம் நாட்டுக் கொள்கையான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடும் ‘இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்’தான். 1970 இலிருந்து பள்ளிச் சபைகூடலில் நம் பிள்ளைகளும் பக்கத்து பௌத்தப் பிள்ளைகளும் சேர்ந்துதான் அதை ஒப்பிக்கிறார்கள். நாடே இடறாமல் தாண்டிப்போகிற இடத்தில் நம் சங்கம் ஏன் விழவேண்டும்?

இன்னொன்று, இது சீனர்களுடையது, நமக்கென்ன என்று ஒரு குரல் பின் வரிசையிலிருந்து வந்தது. அதற்கு நான் நிறையப் பேசவேண்டும், கொஞ்சமாகப் பேசுகிறேன். மாரியம்மன் கோயிலிலிருந்து பள்ளிவாசல் தெருவுக்கு வந்தால் குவான் யின் கோயிலைப் பிள்ளைகள் பார்க்காமல் இருக்க முடியாது, ஊதுபத்திப் புகை கண்ணில் அடிக்கும். அந்த அம்மன் யார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? சீனத்துக்குப் போய்ப் பெண் வடிவம் எடுத்த அவலோகிதர் என்ற போதிசத்துவர். 11 ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் என்ற தமிழ் இலக்கணம், அகத்தியர் தமிழைக் கற்றதே இந்த அவலோகிதரிடம்தான் என்கிறது. நம் மொழி வாத்தியாருக்கே வாத்தியார் நம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்! நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டியவர் ஸ்ரீவிஜய அரசர், அதற்கு ஆனைமங்கலம் ஊரையே விட்டுக்கொடுத்தவர் ராஜராஜ சோழன். சிவபாதசேகரன் என்று பட்டம் வைத்துக்கொண்ட ராஜராஜனுக்கு அது சமயமா தத்துவமா என்று செயற்குழுக் கூட்டம் போடத் தோன்றவில்லை.

இதெல்லாம் அங்கே நடந்தது என்பீர்கள். இங்கேயே நடந்ததைச் சொல்கிறேன். 1834 இல் ஜேம்ஸ் லோ என்ற கேப்டன் நமக்கு எதிர்க்கரையில், இன்றைய செபராங் பிறையில், ஒரு கற்பலகையைக் கண்டெடுத்தார். இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 5 ஆம் நூற்றாண்டு, பல்லவ எழுத்துச் சாயல், சமஸ்கிருத மொழி. நடுவில் ஒரு தூபி வரைந்திருக்கிறது. ஒருபக்கம் ஒரு செய்யுள்: அறியாமையால் வினை சேர்கிறது, வினையே பிறப்புக்குக் காரணம், அறிவு வந்தால் வினை இல்லை, வினை இல்லாவிட்டால் பிறப்பு இல்லை. சுத்தமான தத்துவம், தோழருக்குப் பிடிக்கும். அதே கல்லில், ரக்தமிருத்திகை ஊரைச் சேர்ந்த மகாநாவிகன் புத்தகுப்தன் என்ற பெயர், கூடவே எல்லா வகையிலும் கடற்பயணம் நல்லபடியாக முடியவேண்டும் என்ற வேண்டுதல். பாருங்கள், பிறப்பே வேண்டாம் என்று ஒரு வரி, கப்பல் கவிழாமல் இருக்கவேண்டும் என்று ஒரு வரி. இரண்டையும் ஒரே உளியால்தான் வெட்டியிருக்கிறான். தத்துவம் மட்டும் போதும் என்றிருந்தால் அந்தக் கப்பல்காரன் கல்தச்சனுக்குப் பாதிக் கூலி கொடுத்திருப்பான்.

அந்த நாவிகன் இன்றைக்கும் லோரோங் பர்மாவில் இருக்கிறான். பர்மியக் கோயிலில் ஒரு குளத்தில் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு வேண்டுதல் எழுதியிருக்கும், பத்துக் காசை எறிந்து உள்ளே விழவைக்க வேண்டும். என் மகன் பரீட்சைக்கு முன்னால் இரண்டு ரிங்கிட் சில்லறையைத் தண்ணீரில் விட்டான், ஒன்றுகூடக் கிண்ணத்தில் விழவில்லை, பரீட்சை பரவாயில்லை. 1803 இல் தொடங்கிய கோயில் அது. எதிரே சயாமியக் கோயிலில் 33 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் படுத்திருப்பார், முன்னால் நின்று படம் எடுத்துவிட்டு எல்லாரும் போய்விடுவார்கள். பின்பக்கம் நடந்து பாருங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் சின்னச் சின்ன மாடங்களில் இறந்தவர்களின் சாம்பல் இருக்கிறது, புகைப்படம் ஒட்டி, பெயர் எழுதி. அதைப் பிள்ளைகள் பார்க்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. ஒரு பிள்ளை கேட்கும், ‘டீச்சர், இவங்களுக்குச் சாமி இல்லைன்னா இவங்க யார்கிட்ட வேண்டிக்குவாங்க?’ என்று. கேட்கட்டும். நமக்குப் பதில் தெரியாவிட்டால் அங்கே இருக்கும் பிக்குவிடம் கேட்டுக்கொள்ளலாம். ஐஸ் கச்சாங் கடையில் அந்தக் கேள்வி வராது.

அதனால் செயற்குழுவுக்கு என் கோரிக்கை சின்னது. இரண்டு கோயிலையும் பட்டியலில் திரும்பப் போடுங்கள். துண்டுத்தாளில் ‘தத்துவ மையம்’ என்றெல்லாம் போடாமல் மற்றதைப் போலவே சமயம் என்ற தலைப்பின் கீழேயே போடுங்கள். நேரம் இல்லை என்று செயலாளர் அக்கா சொல்வார், தெரியும். பஸ்காரரிடம் நானே பேசிவிட்டேன். கெர்னி டிரைவுக்கு அந்தப் பக்கமாகவே திருப்பிவிடலாமாம், இறக்கிவிட்டால் போதும், செருப்பு கழற்றி மாட்டத்தான் பத்து நிமிஷம் கூடும் என்றார். ஐஸ் கச்சாங் நாற்பது கிண்ணத்துக்கும் காசு நான் தருகிறேன். பொருளாளர் அண்ணன் ரசீது மட்டும் போட்டுவிடட்டும்.

இப்படிக்கு,
22 வருஷச் சந்தா பாக்கி இல்லாத ஓர் உறுப்பினர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு